மர்டாக்குக்கு யார் கதை சொல்வது?

மேட் மர்டாக் ஒரு வக்கீல். நியூயார்க்கில் ஹெல்ஸ் கிச்சன் என்கிற பேட்டையில் ஜாகை. பகலில் கோர்ட், கேஸ், வாய்தா. ராத்திரியானால் சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு மாடிக்கு மாடி தாவி ரவுடிகளைத் துவம்சம் செய்வதுதான் வேலை. சின்ன வயசில், லாரியில் அடிபட இருந்த ஒரு பெரியவரைத் தள்ளிக் காப்பாற்றப் போனான். லாரியிலிருந்து சிதறிய கதிரியக்கச் சரக்கு முகத்தில் பட்டுக் கண் போய்விட்டது. போன கண்ணுக்கு வட்டியும் முதலுமாக மற்ற நான்கு புலன்களும் கூர்மையாகிவிட்டன. டேர்டெவில். 1964ல் ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் சேர்ந்து உருவாக்கிய பார்வையற்ற சூப்பர் ஹீரோ.

இவர் கதையை நெட்ஃப்ளிக்ஸ் தொடராக எடுத்தது. 2015 ஏப்ரல் 10ம் தேதி பதின்மூன்று எபிசோடுகளையும் ஒரே மூச்சில் இறக்கினார்கள். ஊரே கொண்டாடியது. ஒரே ஒரு கூட்டத்தாரைத் தவிர. பார்வையற்றவர்கள்.

சினிமாவிலும் டி.வியிலும் ஒலி விவரிப்பு என்று ஒரு சமாசாரம் உண்டு. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் ஒரு குரல், 'அவன் கதவைத் திறக்கிறான், உள்ளே யாருமில்லை' என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுப் போகும். டேர்டெவிலுக்கு அது இல்லை. பார்வையற்றவனைப் பற்றிய கதை, பார்வையற்றவனுக்குக் கிடைக்காது! ஏற்கெனவே இதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணத்தை யாரும் தாம்பாளத்தில் வைத்துத் தர முடியாது. பிடித்துக்கொண்டார்கள். ஏப்ரல் 14ம் தேதி, அதாவது நாலாவது நாள், டேர்டெவிலுக்கு ஒலி விவரிப்பு உண்டு, மற்ற தொடர்களுக்கும் வரும் என்று நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது.

சந்தோஷம். ஆனால் அது தொடரின் கதை. மர்டாக் பிறந்தது காகிதத்தில் அல்லவா? அந்தக் காகிதத்தின் கதி என்ன?

கதைப்படி மர்டாக்குக்கு ஒரு வித்தை தெரியும். அச்சடித்த காகிதத்தை விரலால் தடவினால், மை லேசாக மேடிட்டிருப்பதை உணர்ந்து எழுத்தைப் படித்துவிடுவார். ஆக, டேர்டெவில் காமிக்ஸைப் படிக்கக்கூடிய ஒரே பார்வையற்ற வாசகர், டேர்டெவில்தான். அவருக்கும் கலர் தெரியாது.

மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு நாவல் இருக்கிறது என்று வையுங்கள். மின்நூலாக வாங்கலாம். கம்ப்யூட்டரில் ஸ்க்ரீன் ரீடர் என்றொரு மென்பொருள் திரையில் இருப்பதைக் குரலாக்கிப் படித்துக் காட்டும். 2006ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் படிக்கும். நாவலைக் கொடுத்தால் கடகடவென்று வாசித்துத் தள்ளும். அதே ரீடரிடம் ஒரு காமிக்ஸ் பக்கத்தைக் கொடுங்கள். பக்கத்தில் நாலு கொலை, ஒரு முத்தம், ஒரு வெடிகுண்டு இருக்கலாம். ரீடர் சொல்வது ஒரே வார்த்தை: 'இமேஜ்.' அடுத்த பக்கம்? 'இமேஜ்.' பலூனுக்குள் இருக்கும் வசனம்கூடப் படத்தோடு படமாக ஒட்டிக் கிடப்பதால், எழுத்து இருப்பதே அதற்குத் தெரியாது.

முழுக்கப் பார்வை இல்லாதவர்கள் மட்டுமல்ல. மங்கலான பார்வை உள்ளவர் பக்கத்தைப் பெரிதாக்கினால் எழுத்து தெரியும், பக்கம் தொலைந்துவிடும். அடுத்த கட்டம் வலப்பக்கமா, கீழேயா என்று விரலால் திரையைத் தள்ளித் தள்ளித் தேட வேண்டும். கை நடுங்குகிறவருக்கு அதுவும் முடியாது. காமிக்ஸாலஜி என்கிற நிறுவனம் கட்டம் கட்டமாகத் தானே நகர்த்திக் காட்டும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. சின்ன போன் திரையில் படிப்பவர்களுக்காகச் செய்தது இவர்களுக்கும் உதவியது. யாருக்கோ வைத்த பந்தியில் இன்னொருவருக்கும் இலை கிடைத்த மாதிரி. தமிழில் இன்னொரு கஷ்டம் உண்டு. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் எழுதிய வசனத்துக்காகப் போட்ட பலூனுக்குள் தமிழை அடைக்க வேண்டும். நம் வார்த்தைகளோ நீளம். பலூன் பெரிதாகாது, எழுத்துதான் சிறிதாகும். நாற்பது வயசு தாண்டிய காமிக்ஸ் ரசிகர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இதற்கெல்லாம் என்ன வழி? 2013ல் பிலிப் மேயர் என்கிற ஜெர்மானிய டிசைனர் ஒரு வழி காட்டினார். 'லைஃப்' என்று பெயர். மை கிடையாது. எழுத்து கிடையாது. வெள்ளைத் தாளில் எம்பாஸ் செய்த கட்டங்கள், அவற்றுக்குள் மேடிட்ட வட்டங்கள். மொத்தமே இருபத்துநாலு கட்டம். ஒரு வட்டம் வருகிறது. இன்னொரு வட்டம் வருகிறது. இரண்டும் நெருங்குகின்றன. நடுவே ஒரு குட்டி வட்டம் முளைக்கிறது, வளர்கிறது, ஒருநாள் கிளம்பிப் போகிறது. மிஞ்சிய இரண்டும் ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறைகின்றன. அவ்வளவுதான். டென்மார்க்கில், அச்சு நூல்களைப் படிக்க முடியாதவர்களுக்காக நோட்டா என்றொரு நூலகம் இருக்கிறது. அவர்களோடு சேர்ந்து, பார்வையற்ற வாசகர் விரலில் சோதித்துச் சோதித்துச் செய்தது.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான காரியம். ஏன் வட்டம்? இங்கேதான் அவர் புத்திசாலி. நாம் மேடிட்ட கோட்டில் ஒரு மனிதனை வரைந்து கொடுத்துவிட்டால் பார்வையற்றவர் தடவிப் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறோம். மாட்டார். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும், முன்னால் நிற்பது பின்னால் இருப்பதை மறைக்கும், மேஜையின் நாலு காலில் மூன்றுதான் தெரியும் என்பதெல்லாம் கண்ணின் சட்டதிட்டங்கள். விரலுக்கு மேஜை என்றால் நாலு கால்தான். தவிர, கண் ஒரு பக்கத்தை முதலில் மொத்தமாக விழுங்கிவிட்டுப் பிறகுதான் கட்டம் கட்டமாக மெல்லும். விரலுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு பிரெய்ல் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் விட்டால்தான் அதற்குப் பிரித்தறிய வசதி. துளித் துளியாகச் சேர்த்துத்தான் முழுசைக் கட்ட வேண்டும். மேயர் இதைப் புரிந்துகொண்டு, விரலின் மொழியிலேயே கதையை யோசித்தார்.

ஆனால் பாராட்டி முடித்ததும் ஒரு கேள்வி வருகிறது. அடுத்து? வட்டங்களை வைத்துக்கொண்டு பிறப்பு, காதல், சாவு சொல்லலாம். லக்கி லூக்கின் நக்கலைச் சொல்ல முடியுமா? டெக்ஸ் வில்லரின் துப்பாக்கிச் சண்டையை? 'லைஃப்' ஒரு நல்ல கவிதை. பார்வையற்ற வாசகன் கேட்பது கவிதை அல்ல. பக்கத்து வீட்டுப் பையன் எதைப் படித்துவிட்டுக் குதிக்கிறானோ, அதே சரக்கை, அதே வாரம் கேட்கிறான். வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'லைஃப்' பற்றி உருகி உருகி எழுதியதில் எனக்குள்ள வருத்தம் இதுதான். உருகுவது சுலபம். ஒரே ஒரு பிரதியை மெச்சிவிட்டு, ஆயிரக்கணக்கான புத்தகங்களை மறந்துவிடலாம்.

சரி, அந்த ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு என்ன செய்வது? விடை பதிப்பாளரின் அலமாரியிலேயே தூங்குகிறது.

ஒரு காமிக்ஸ் எப்படித் தயாராகிறது? பெரும்பாலும் எழுதுகிறவர் ஒருவர், வரைகிறவர் இன்னொருவர். எழுதுகிறவர் வசனம் மட்டும் எழுதுவதில்லை. 'பக்கம் மூன்று, ஐந்து கட்டம். முதல் கட்டம்: மழை பெய்யும் தெரு, மேலேயிருந்து பார்க்கிறோம், குடையோடு ஒருத்தி நடந்துபோகிறாள்' என்று கட்டத்துக்குக் கட்டம் எழுதிக் கொடுக்கிறார். ஆலன் மூர் எழுதும் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு கட்டத்தின் வர்ணனை பக்கத்தைத் தாண்டி ஓடும். 'ஃப்ரம் ஹெல்' ஸ்கிரிப்டைத் தனியாகப் புத்தகமாகவே 1994ல் போட்டார்கள். இதைப் படித்துக் காட்டினால் அது என்ன? ஒலி விவரிப்பேதான். அதுவும் ஆசிரியர் வாயாலேயே.

நான் வணிகவியல் படித்தவன். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. காசு கொடுத்து எழுதி வாங்கி, செலவுக் கணக்கும் எழுதி முடித்த சரக்கு இது. ஓவியம் வந்ததும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஸ்டாக் எடுக்கும்போதுகூட யாரும் சேர்ப்பதில்லை. சரி, ஸ்கிரிப்டே இல்லை, புதிதாகத்தான் எழுத வேண்டும் என்றாலும் என்ன ஆகிவிடும்? பெல்ஜியப் பாணி ஆல்பம் ஒன்றில் கதை நாற்பத்தாறு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பத்துக் கட்டம். கட்டத்துக்கு முப்பது வார்த்தை. பதினாலாயிரம் வார்த்தைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஒல்லிக் குறுநாவல். இதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அறுபதுகளில் ஸ்டான் லீ பிரபலமாக்கிய வேலைமுறையில் முழு ஸ்கிரிப்டே கிடையாது. கதைச் சுருக்கத்தை ஓவியரிடம் சொல்வார். அவர் வரைந்து கொண்டுவருவார். அதற்கப்புறம் லீ உட்கார்ந்து வசனம் எழுதுவார். மார்வெல் பாணி என்றே இதற்குப் பெயர். ஆக, மர்டாக்கைப் பெற்ற வீட்டில்தான் அலமாரி காலி.

ஸ்கிரிப்ட் இருந்தாலும் அப்படியே படித்துவிட முடியாது என்பதும் உண்மை. அது ஓவியரிடம் பேசுவது, வாசகரிடம் அல்ல. ஓவியர் பாதியை மாற்றியிருப்பார். யாராவது உட்கார்ந்து சரிபார்த்து எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஸ்காட் மெக்லவுட் 1993ல் எழுதிய 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்', காமிக்ஸுக்குத் தொல்காப்பியம் மாதிரி. அதில் அவர் திரும்பத் திரும்பப் பேசுவது கட்டங்களைப் பற்றி அல்ல, இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியைப் பற்றி. முதல் கட்டத்தில் ஓங்கிய கோடரி, அடுத்த கட்டத்தில் ஊருக்கு மேலே ஓர் அலறல். வெட்டியது யார்? ஓவியர் இல்லை. படித்த நீங்கள்தான். அந்த வெள்ளை இடத்தில் உங்கள் மனசு கொலை செய்துவிட்டது. காமிக்ஸின் உயிரே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்று சொன்ன இந்த மெக்லவுடின் அப்பா, பார்வையற்றவர். ஒரு பொறியாளர். பிள்ளையே மேடையில் சொல்லியிருக்கிறார்.

இப்போது ஒரு பக்கத்தைக் கற்பனை செய்யுங்கள். மூன்று கட்டம், வசனம் இல்லை. முதலில், சாப்பாட்டு மேஜை, மேலே இரண்டு தட்டு. அடுத்து அதே மேஜை, ஒரு தட்டு. மூன்றாவதில் அதே மேஜை, தட்டு இல்லை, தூசி.

இதை எப்படிச் சொல்வது? 'மரத்தாலான ஒரு பழுப்பு நிற மேஜை. அதன்மேல் இரண்டு வெள்ளைத் தட்டுகள். பின்னால் ஒரு ஜன்னல். நீல நிறத் திரைச்சீலை. வலது மூலையில் கடிகாரம்' என்று ஆரம்பித்தால் மூன்றாவது கட்டம் வருவதற்குள் கேட்பவர் தூங்கிவிடுவார். இன்னொரு வகை ஆள் உண்டு. மகா உபகாரி. 'மனைவி இறந்துபோனாள், பிறகு அவனும் போய்விட்டான்' என்று சுருக்கி ஊட்டிவிடுவார். இது முன்னதைவிட மோசம். அந்த வெள்ளை இடத்தில் வாசகன் செய்ய வேண்டிய வேலையை இவர் செய்து முடித்துவிட்டார். பார்வையற்றவனுக்குக் கண்தானே தெரியாது? கற்பனைக்கு என்ன கேடு?

'சாப்பாட்டு மேஜை. ரெண்டு தட்டு.' நிறுத்துங்கள். 'அதே மேஜை. ஒரு தட்டு.' நிறுத்துங்கள். 'அதே மேஜை. தூசி.' போதும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

2023லிருந்து செயற்கை நுண்ணறிவு படங்களைப் பார்த்து வர்ணிக்கத் தொடங்கிவிட்டது. பார்வையற்றவர்களுக்கான 'பி மை ஐஸ்' செயலியிலேயே வந்தது. மருந்துச் சீட்டைப் படிக்க, சட்டை கலர் கேட்க நல்ல துணை. இனிமேல் காமிக்ஸுக்கு மனிதன் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இயந்திரம் மேற்படி இரண்டு தப்பையும் சளைக்காமல் செய்யும் என்பதுதான் என் அபிப்பிராயம். திரைச்சீலையையும் சொல்லும், கண்ணீர் வடிய விளக்கமும் சொல்லும். முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம். கதை தெரிந்த ஒருவர் பேனாவை எடுத்து அடிக்க வேண்டும்.

எதைச் சொல்லாமல் விடுவது என்பதற்கு மகா சிக்கலான பரீட்சைத்தாள் ஒன்று இருக்கிறது. மார்வெலின் 'ஹாக்ஐ' பத்தொன்பதாவது இதழ், 2014. எழுத்து மேட் ஃப்ராக்‌ஷன், ஓவியம் டேவிட் ஆஹா. ஹீரோ கிளின்ட் பார்ட்டனுக்குக் காது போய்விடுகிறது. மற்றவர்கள் பேசும் பலூன்கள் வெறுமையாக வருகின்றன. அண்ணன் தம்பி பேசிக்கொள்வது அமெரிக்க சைகை மொழியில், கை அசைவுப் படங்களாக. கீழே மொழிபெயர்ப்பு? கிடையாது. காது கேட்கிற வாசகன் முதல்முறையாக வாசலில் நிற்கிறான், காது கேளாத வாசகன் உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். அதே வருஷம் சீசி பெல் தன் சிறுவயது அனுபவத்தை வைத்து எழுதிய 'எல் டீஃபோ'விலும் இதே மாதிரி உத்தி உண்டு. காது மெஷினில் பேட்டரி தீரத்தீர பலூனில் எழுத்து மங்கிக்கொண்டே போகும். அதற்கு நியூபெரி ஹானர் கிடைத்தது.

இந்த ஹாக்ஐ இதழைப் பார்வையற்றவருக்கு எப்படி விவரிப்பது? கை எப்படி அசைகிறது என்று மட்டும் சொன்னால் ஒன்றும் புரியாது. அர்த்தத்தைச் சொன்னால், சொல்லக்கூடாது என்று ஆசிரியர் பூட்டிய பூட்டை உடைத்ததாகிவிடும். நான் அசைவைத்தான் சொல்லச் சொல்வேன். கண் தெரிகிற வாசகனுக்கும் அது புரியவில்லையே! எல்லோரும் ஒரே வாசலில் சேர்ந்து நிற்பதுதான் நியாயம். இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் உண்டு. நெருக்கமான நண்பர்கள்தான், ராத்திரி பதினொரு மணி வரை சண்டை போட்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கம், படத்தையே கைகழுவிவிட்டவர்களும் இருக்கிறார்கள். சாட் ஆலன் என்கிற அமெரிக்கர், பார்வையற்றவர், மேஜிக் நிபுணராக இருந்தவர். 'அன்சீன்' என்று ஓர் ஒலி காமிக்ஸ் செய்தார். அஃப்சானா என்கிற பார்வையற்ற கொலைகாரிதான் நாயகி. படமே கிடையாது, எல்லாம் காதுக்கு. ரேடியோ நாடகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் என்னிடம் திருப்தியான பதில் இல்லை. வரிசையாக அடுக்கிய உருவங்கள் என்கிற மெக்லவுடின் இலக்கணப்படி பார்த்தால் 'லைஃப்' காமிக்ஸ், 'அன்சீன்' இல்லை. ஆனால் நமக்குச் சோறு போடும்வரை காத்திராமல் நாமே சமைப்போம் என்று ஒருவர் கிளம்பியதை இலக்கணம் சொல்லித் தடுக்க எனக்கு இஷ்டமில்லை.

சட்டம் குறுக்கே நிற்குமே, காப்புரிமைக்காரர் வழக்குப் போடுவாரே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். 2012ல் நம் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவத்துக்கு எந்தப் படைப்பையும் யார் வேண்டுமானாலும் மாற்றி, அவர்களுடைய சொந்தப் படிப்புக்காகப் பகிர்ந்துகொள்ளலாம். லாபம் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். மறு வருஷம் மராகேஷ் ஒப்பந்தம் உருவானது. 2014ல் அதை உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்த தேசம் இந்தியா. அந்த ஒப்பந்தத்தில் எழுத்தோடு சேர்ந்த சித்திரங்களும் அடக்கம். ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் மின்நூல்கள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்று சட்டமே அமலுக்கு வந்துவிட்டது. அளவுக்கு மீறிய சுமை என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. காமிக்ஸ்காரர்கள் அந்தச் சந்தில் புகுந்து ஓடப் பார்ப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஒல்லிக் குறுநாவல் கணக்கை அவர்கள் முன்னால் எடுத்துப் போட வேண்டியதுதான்.

நமக்கு ஐரோப்பியச் சட்டம் கிடையாது. ரசிகர்கள் இருக்கிறார்கள். 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழ், இரும்புக்கை மாயாவி. அவர் ஒரு மாற்றுத்திறனாளி என்று யாராவது யோசித்திருக்கிறோமா? ஆய்வுக்கூட விபத்தில் வலது கை போய், இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். கை மட்டும் தெரியும். இன்னமும் அந்தப் பழைய இதழ்களைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் தேறுவார்கள். வசனம் மனப்பாடம், எந்தப் பக்கத்தில் எந்தச் சண்டை என்பது அத்துப்படி. ஆளுக்கு ஒரு இதழ் எடுத்துக்கொண்டு, போனில் ரெக்கார்டரை அமுக்கிவிட்டு, கட்டம் கட்டமாகச் சொல்லட்டும். ஸ்டூடியோ வேண்டாம், இசை வேண்டாம். பயந்து ஓடும் அளவுக்கு இதில் கஷ்டமும் இல்லை. முயற்சி பண்ணிப் பாருங்கள்:

'ராத்திரி. அறையில் யாருமில்லை. காற்றில் ஒரு துப்பாக்கி. அதைப் பிடித்திருப்பது ஓர் இரும்புக்கை.'